பரணில் கிடக்கும் பழைய கார் ஆம்பைத் திரும்ப மாட்டலாமா?

கேள்வி:

என் மாமா 1990களின் கடைசியில் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த 4 சேனல் கார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஜப்பான் கம்பெனி. அவருடைய எஸ்டீம் காரில் பல வருடம் ஓடியது. காரை விற்கும்போது கழற்றி மேலே போட்டதோடு சரி, பன்னிரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. அடியில் 40 வாட் × 4 என்று போட்டிருக்கிறது, பக்கத்தில் 25 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது. ஆர்சிஏ பின் மட்டும்தான், ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுக்கும் இன்புட் இல்லை. பழைய வயர்களும் ஒரு கட்டாகக் கூடவே கிடக்கின்றன. என்னுடையது 2019 ஸ்விஃப்ட். கம்பெனி டச்ஸ்கிரீன், கம்பெனி ஸ்பீக்கர். சத்தம் கூட்டினால் பாட்டு கரகரக்கிறது. ஆக்சஸரீஸ் கடைக்காரர், "அது தீப்பிடிக்கும் சார், தூக்கிப் போடுங்க. 2000 வாட் புது ஆம்ப் 4,500 ரூபாய்க்குத் தரேன்" என்கிறார். மாமாவோ, "இந்த மாதிரி இப்ப யாரும் செய்யறதே இல்ல" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? காருக்கு ஆகாது என்றால் வீட்டில் பாட்டுக் கேட்கவாவது உதவுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 25 ஆம்பியர் பியூஸ். பொதுவாக எழுதுபவர்கள் கம்பெனி பெயரைச் சொல்வார்கள், பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்டைச் சொல்வார்கள், பியூஸை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஆம்ப் தன்னைப் பற்றி எவ்வளவு பொய் சொல்கிறது என்பதைத் திறந்து பார்க்காமலே கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். 25 ஆம்பியரை அதனால் பெருக்கினால் 360 வாட். இதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் பியூஸ் போய்விடும். அந்தக் காலத்து 4 சேனல் ஆம்ப் என்றால் அநேகமாக கிளாஸ் ஏபி வகைதான். உள்ளே போகும் மின்சாரத்தில், முழு வேகத்தில் ஓடும்போது, பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் ஹீட்சிங்கில் சூடாகப் போகும். 360-ல் 55 சதவீதம் என்று வைத்தால் 198 வாட். நாலால் வகுத்தால் சேனலுக்கு 49. அடியில் போட்டிருப்பது 40. ஆக, உங்கள் மாமாவின் ஆம்ப் தன் பலத்தைக் கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது கடைக்காரர் காட்டும் 2000 வாட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அந்த விலையில் நான் பார்க்கிறவற்றில் பெரும்பாலும் இரண்டு 15 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும். 30 × 14.4 = 432 வாட் உள்ளே போகும், வெளியே வருவது 240 வாட் போல. அதுவும் பியூஸ் தாங்கும் உச்ச அளவுதான். ஆம்ப் அவ்வளவு கொடுக்கும் என்று அர்த்தமில்லை. உண்மையாகவே 2000 வாட் தருகிற ஆம்ப் என்றால், 80 சதவீதத் திறன் உள்ள கிளாஸ் டி வகையாகவே இருந்தாலும் 174 ஆம்பியர் இழுக்கும். ஸ்விஃப்ட்டில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அதற்குப் பிறந்ததே இல்லை. பிஎம்பிஓ என்று ஊதிப் பெருக்கிய வாட்டை டேப்ரிக்கார்டர் பெட்டிகளில் எழுதி விற்ற அதே வித்தை கார் ஆம்புக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 2003-ல் அமெரிக்காவில் சிஇஏ-2006 (2006 என்பது வருடம் இல்லை, அதன் எண்; இப்போது சிடிஏ-2006) என்று ஒரு தர அளவு கொண்டுவந்தார்கள்: 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், ஒரு சதவீதத்துக்கு மேல் ஒலி சிதையாமல் எத்தனை வாட் வருகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். அதைப் பின்பற்றுவதும் பின்பற்றாததும் கம்பெனிகளின் இஷ்டம். புது ஆம்ப் வாங்குவதாக இருந்தால் அந்தக் குறி இருக்கிறதா, இல்லாவிட்டால் தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டாவது தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாமா சொல்வதற்கும் ஒரு ஆதாரம் உண்டு. 1980, 90களில் அமெரிக்காவில் கார் ஆடியோ போட்டிகள் நடக்கும். ஆம்பின் அடியில் போட்டிருக்கும் வாட்டை வைத்துத்தான் எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பது. அதனால் சில கம்பெனிகள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டன. ஓரியன் எச்சிசிஏ 225 என்று ஒன்று. 4 ஓமில் சேனலுக்கு வெறும் 25 வாட் என்று இருக்கும், ஓம் குறைந்த ஸ்பீக்கரைக் கட்டினால் அதைப் போலப் பல மடங்கு கொடுக்கும். இன்று சின்ன ஆம்பில் பெரிய எண்ணைப் போடுகிறார்கள், அன்று பெரிய ஆம்பில் சின்ன எண்ணைப் போட்டார்கள். உங்களுடையது அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்து நல்ல கம்பெனி ஆம்பைப் பழசு என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது.

சரி, நேர்மையான ஆம்ப்தான். இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பன்னிரண்டு வருடம் ஓட்டுக்கடியில் பரணில் கிடந்ததும் ஒரு வேலைதான். டிரான்சிஸ்டர்கள் அதற்குக் கவலைப்படாது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள் படும். எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள்ளே திரவம் இருக்கிறது, சூட்டில் அது மெல்ல உலரும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எஸ்டீமில் ஓடிய காலத்தில் பட்ட சூடும் இதில் சேரும்.

அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள், பேட்டரி எதுவும் இணைக்காமல். ஒரு ஓரத்தில் செம்புக் கம்பி சுற்றிய வளையம் ஒன்று இருக்கும். 12 வோல்ட்டை ஏற்றி, பிளஸ்ஸும் மைனஸுமாக இரண்டு பக்கமும் இருபது முப்பது வோல்ட் தருகிற டிரான்ஸ்ஃபார்மர் அது. அதை ஓட்டுவது பெரும்பாலும் டிஎல்494 என்கிற 16 கால் ஐசி. கார் ஆம்பில் அதைப் பார்க்காத ரிப்பேர்காரர் இருக்க மாட்டார். வளையத்தை ஒட்டி, பேட்டரி வயர் நுழையும் பக்கத்தில், உருளையாக இரண்டு மூன்று கண்டன்சர்கள் நிற்கும். அதிகம் உழைப்பவை அவைதான். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். லேசாக உப்பியிருந்தாலும், அடியில் ஈரக்கறை தெரிந்தாலும், மீன் வாடை போல ஒன்று அடித்தாலும் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்றையும் பாருங்கள். கண்டன்சர் ஆடாமல் இருக்க அடியில் பசை வைத்திருப்பார்கள். புதிதில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்த அந்தப் பசை, வருடக்கணக்கில் சூடு பட்டால் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும். பழுப்பானபின் அது மின்சாரத்தைக் கசியவிடும், பக்கத்தில் இருக்கிற பாகங்களின் காலை அரிக்கும். பார்க்க ஒன்றும் தெரியாத எத்தனையோ ஆம்புகள் இந்தப் பசையால் போயிருக்கின்றன. அது பழுப்பாக இருந்தால் சுரண்டி எடுக்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.

உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தால் மீட்டரை எடுங்கள். ஆம்பின் பிளஸ் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் ஓம் பாருங்கள். கண்டன்சர் நிரம்ப நிரம்ப எண் மெல்ல ஏற வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றி வைத்துப் பார்த்தும் சைபரிலேயே நின்றால் உள்ளே ஷார்ட். அதுவும் சில சமயம் நல்ல சகுனம். யாரோ பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்ததால் பாதுகாப்புக்கு வைத்த டயோடு மட்டும் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. இதைச் செய்யாமல் பழைய ஆம்பை நேராகக் கார் பேட்டரியில் கொடுக்கவே கூடாது. வேண்டியது ஒரு 12 வோல்ட் பேட்டரி, யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியே போதும். அப்புறம் ஒரு ஹெட்லைட் பல்பு, 60/55 வாட் எச்4. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வரும் வயரைப் பல்பின் ஒரு இழை வழியாக விட்டு ஆம்பின் பிளஸ்ஸில் கொடுங்கள். மைனஸ் நேராக எர்த் முனைக்கு. ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். உள்ளே என்ன ஷார்ட் இருந்தாலும் பல்பு அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், ஐந்து ஆம்பியருக்கு மேல் போகாது. வயரைத் தொட்டதும் பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தால் நல்லது, கண்டன்சர் நிரம்பிவிட்டது. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட், எடுத்துவிடுங்கள். அணைந்தபிறகு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு மெல்லிய வயரை ரிமோட் முனையில் தொடுங்கள். ஆம்ப் முழித்துக்கொள்ளும். லைட் வரும், பல்பின் இழை மங்கலாகச் சிவக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். இந்த அளவு ஆம்ப் பாட்டில்லாமல் சும்மா இருக்கும்போது ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் இழுப்பது இயல்பு. பல்பு பளிச்சென்று எரிந்தால் இயல்பு இல்லை.

அப்படியே அரை மணி நேரம் விடுங்கள். நீண்ட நாள் கிடந்த கண்டன்சருக்கு இது ஒரு எழுப்புதல். பிறகு கரண்டை எடுத்துவிட்டுக் கண்டன்சர்களை விரலால் தொட்டுப் பாருங்கள். பாட்டே இல்லாமல் ஒரு கண்டன்சர் சூடாகிறது என்றால் அது கசிகிறது. மறுபடி கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் முனைகளிலும் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஆரோக்கியம். 100 வரை பொறுத்துக்கொள்ளலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் அந்தச் சேனலின் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. அதில் ஸ்பீக்கரைக் கட்டினால் கோன் ஒரு பக்கமாகத் துள்ளி நிற்கும், காயில் கருகும். முதலில் கட்டும் ஸ்பீக்கர், போனாலும் அழாத ஸ்பீக்கராக இருக்கட்டும். பாட்டு வரும்போது கெயின் திருகை (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைச் சரிசெய்வது) திருப்பினால் கரகரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஆர்சிஏ பின்னை ஆட்டினால் சத்தம் வந்து போனால் பின்னின் அடியில் சால்டரிங் விட்டிருக்கிறது. அதுவும் சின்ன வேலைதான்.

இதெல்லாம் நமக்கு ஆகாது என்றால் ரேடியோ, ஆம்ப் பார்க்கிற பழைய மெக்கானிக் யாரிடமாவது கொடுத்து, "பல்பு போட்டுப் பாருங்க, ஆஃப்செட் பாருங்க" என்று சொல்லுங்கள். ஸ்பீக்கர் முனையில் நாம் பார்த்த அந்த டிசி மில்லிவோல்ட்தான் ஆஃப்செட். அந்த வார்த்தை புரிகிறவரிடம் கொடுக்கலாம். நேராகப் பேட்டரியில் வைத்துப் பார்க்கிறவரிடமிருந்து ஆம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழுது இருந்தால் எதுவரை செலவு செய்யலாம்? கண்டன்சர் மட்டும் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். இன்புட் பக்கத்தில் 16 வோல்ட் கண்டன்சர் இருந்தால், இடம் இருக்கிறபட்சத்தில் 25 வோல்ட் போடுங்கள். 14.4 வோல்ட் ஓடுகிற இடத்தில் 16 என்பது விளிம்பில் நிற்பதுதான். 12 வோல்ட்டை ஏற்றும் பகுதியில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள், அதாவது பவர் சப்ளை மாஸ்ஃபெட் போயிருந்தாலும் ஒரு முறை பார்க்கலாம். ஐஆர்எஃப்இசட்44 போன்றவை எங்கும் கிடைக்கும், விலையும் இல்லை. ஆனால் போன ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, அந்த வரிசை முழுவதையும் அதன் கேட் ரெசிஸ்டர்களோடு சேர்த்து மாற்ற வேண்டும். சப்ளையும் போய் அவுட்புட் டிரான்சிஸ்டரும் போயிருந்தால் நான் விட்டுவிடுவேன். போர்டு கருகியிருந்தாலும் அப்படித்தான். பழைய ஜப்பான் டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் உற்பத்தியே நின்றுவிட்டது. அதே எண் போட்டு சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பதில் நிறைய போலி. பார்க்க அதே மாதிரி இருக்கும், சத்தம் கூட்டினால் பத்து நிமிடத்தில் போகும். பிறகு கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். உங்கள் மாமாவுக்கு அந்த ஆம்ப் மேல் இருக்கும் பாசத்துக்கு விலை போட நான் யார், காசுக்கணக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆம்ப் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாட்டினால் என்ன கிடைக்கும்? டச்ஸ்கிரீன் செட்டுக்குள்ளும் ஒரு ஆம்ப் இருக்கிறது. வெளியில் விற்கும் செட்டுகளில் 50 வாட் × 4 என்று போட்டிருந்தாலும், 14.4 வோல்ட்டை ஏற்றாமல் அப்படியே பயன்படுத்துகிற எந்த ஆம்பும் 4 ஓமில் 20 வாட் பக்கம்தான் சுத்தமாகக் கொடுக்க முடியும். அதற்கு மேல் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். நீங்கள் சொல்வது அதுவாக இருக்கலாம். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போவது மூன்று டெசிபல் கூடுதல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றப் பத்து டெசிபல் வேண்டும், அதனால் கார் அதிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இப்போது கரகரக்கிற அளவில் கரகரக்காமல் பாடும். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு மேல் ஒரு நாதஸ்வரத்தின் உச்ச ஸ்வரம் கிழியாமல் கேட்கும். எனக்குக் கேட்டால் அதுவே பெரிய லாபம்.

அதற்கு முன்னால் ஒரு காசில்லாத சோதனை. கரகரக்கிற பாட்டை அதே சத்தத்தில் வைத்து, கதவின் உள்பக்க பிளாஸ்டிக் அட்டையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உள்ளங்கையை அழுத்திப் பிடியுங்கள். இரைச்சல் குறைந்தால் அதிர்வது அட்டை. ஆம்ப் மாட்டினால் அந்த அதிர்வு இன்னும் கூடத்தான் செய்யும். கதவுத் தகட்டுக்கு டேம்பிங் ஷீட் ஒட்டினால் தீரும். குறையவில்லை என்றால் செட்டின் பலமோ ஸ்பீக்கரோ காரணம். என் அனுபவத்தில் கம்பெனி ஸ்பீக்கரை அப்படியே வைத்துக்கொண்டு ஆம்ப் மட்டும் சேர்த்தவர்கள் பாதி சந்தோஷத்தோடுதான் போவார்கள். கையில் இருக்கிற காசு ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால் முன்கதவு ஸ்பீக்கரை முதலில் மாற்றுங்கள். ஆம்ப் பரணில் இன்னும் ஆறு மாதம் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஏனென்றால் ஆம்ப் இலவசம் என்றாலும் அதை மாட்டுவது இலவசம் இல்லை. உங்கள் செட்டில் ஆர்சிஏ அவுட் இருக்காது, ஆம்பில் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுப்பது) இல்லை. ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாகக் குறைத்துத் தரும் ஹை-லோ கன்வெர்ட்டர் ஒன்று நடுவில் வேண்டும். மலிவானதை வாங்கினால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் பாட்டோடு சேர்ந்து ஏறும். இப்போதைய செட்டுகளின் ஸ்பீக்கர் வயர் இரண்டிலும் கரண்ட் உண்டு, மைனஸை எர்த் செய்தால் செட்டு போய்விடும். அதனால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கிற நல்ல கன்வெர்ட்டராகப் பாருங்கள். ரிமோட் வோல்ட்டையும் தானே தருகிறதாக இருந்தால் இன்னும் நல்லது. வயரை வெட்டாமல் செட்டுக்கும் காரின் வயர்க் கட்டான ஹார்னஸுக்கும் நடுவில் செருகும் கப்ளர் மாருதிக்குக் கிடைக்கிறது. வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற ஆளிடம் காரை விடாதீர்கள். ரிமோட்டை நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒரு ஆம்பியர் வீதம் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-ஹவர் போய்விடும். உங்கள் கார் பேட்டரி 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஊருக்குப் போய்விட்டு மறுநாள் வந்தால் வண்டி கிளம்பாது.

பழைய வயர்க் கட்டை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். அதில் மட்டும் சென்டிமென்ட் வேண்டாம். 25 ஆம்பியருக்கு, பின்சீட்டு வரை 5 மீட்டர் ஓட, 8 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு வயர் போதும், கால் வோல்ட் அளவுதான் வழியில் இழக்கும். அதே இடத்தில் 2.5 வயர் ஓட்டினால் 0.9 வோல்ட் போகும், வயரும் சூடாகும். கிட் என்று பையில் போட்டுத் தருவதில் பெரும்பாலானவை அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதுதான் கிடைக்கிறது என்றால் இரண்டு அளவு தடிமன் கூட்டி வாங்குங்கள்.

இங்கேதான் கடைக்காரர் சொன்ன தீ வருகிறது. கார் ஆம்பால் தீப்பிடித்தது என்று சொல்லப்படுவதில் ஆம்புக்குள்ளே தொடங்குவது குறைவு. அதற்குத்தான் அதன் பக்கத்திலேயே பியூஸ் இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை போகிற சிவப்பு வயருக்கு யார் காவல்? இன்ஜின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டு ஓட்டையில் அந்த வயர் உரசி உரசி உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டும். தரைவிரிப்புக்கு அடியில் வயர் சிவந்து எரியும். ஆம்பின் பியூஸ் முழுசாக அப்படியே இருக்கும், ஏனென்றால் கரண்ட் அதுவரை வரவே இல்லை. அதனால் பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் தனியாக ஒரு பியூஸ், உங்களுக்கு 30 ஆம்பியர். தகட்டு ஓட்டையில் ரப்பர் குரோமெட். இந்த இரண்டும் இல்லாமல் மாட்டினால் நேற்று வாங்கிய ஆம்பும் தீப்பிடிக்கும். வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், செய்கிறவர் அலட்சியமாகச் சிரித்தாலும் சொல்லுங்கள்.

எர்த்துக்கு ஆம்பிலிருந்து ஒன்றரை அடிக்குள் பாடியில் பெயிண்டைச் சுரண்டி, லக் வைத்து போல்ட் போட வேண்டும். சீட்பெல்ட் போல்ட்டைத் தொடக் கூடாது. ஆம்பைப் பின்சீட்டின் முதுகில், காற்றோட்டம் இருக்கிற மாதிரி மாட்டலாம். மேலே பையும் தேங்காய் மூட்டையும் விழாத இடமாக இருக்கட்டும். கிளாஸ் ஏபி ஆம்ப் சூடாகத்தான் செய்யும். சித்திரை வெயிலில் மூடிக் கிடந்த காரில் ஏறியதும் முழுச் சத்தத்தில் வைத்தால் தெர்மல் கட் ஆகி நின்றுவிடும், அது பழுது இல்லை. முன் இரண்டு சேனலை முன்கதவுகளுக்குக் கொடுத்து, அடி ஒலியைத் தடுக்கும் ஹைபாஸ் சுவிட்ச் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் அடி குறைந்தால் சின்ன ஸ்பீக்கர் நிம்மதியாகப் பாடும். பின் இரண்டு சேனலை இப்போதைக்குச் சும்மா விடுங்கள். பிறகு ஆசை வந்தால், அடியில் பிரிட்ஜ் செய்யலாம் என்று போட்டிருக்கிறதா பார்த்து, அந்த இரண்டையும் சேர்த்து 4 ஓம் சப் ஊஃபர் ஒன்றுக்குக் கொடுக்கலாம். நூறு வாட் பக்கம் வரும், ஸ்விஃப்ட்டுக்கு அது தாராளம். 2 ஓம் சப் கட்டாதீர்கள்.

செட்டின் சத்தத்தை முக்கால் பங்கில் வைத்துக்கொண்டு, கெயினைக் குறைவிலிருந்து மெல்லக் கூட்டி, சிதையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அந்தத் திருகு சத்தம் கூட்டுவதற்கு இல்லை, ஆனால் எல்லோரும் அதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்து கருகுகிற ட்வீட்டரை (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மாற்றுவது எங்களுக்குப் பிழைப்பு என்பதால் நான் அதிகம் குறை சொல்ல முடியாது.

ஆம்ப் தேறினாலும், இத்தனை வேலை எதற்கு என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை. வயர், பியூஸ், கன்வெர்ட்டர், கூலி இந்த நாலும் புது ஆம்ப் வாங்கினாலும் ஆகிற செலவுதான். நீங்கள் மிச்சம் பிடிப்பது ஆம்பின் விலை மட்டும். நல்ல கம்பெனி புது 4 சேனலோடு ஒப்பிட்டால் அது நல்ல தொகை. அந்த 4,500 ரூபாய் 2000 வாட்டோடு ஒப்பிட்டால், உங்கள் பழைய ஆம்ப் சோதனையில் தேறிவிட்டால், நான் பழையதைத்தான் மாட்டுவேன்.

வீட்டில் பயன்படுத்துவது பற்றி. முடியும், ஆனால் அதற்கென்று செலவு செய்யாதீர்கள். இதற்கு வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக்கித் தரும் 25, 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வேண்டும், எல்இடி போர்டுகளுக்கு வைக்கிற, ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தத் தகரப் பெட்டி. அதன் விசிறிச் சத்தமே இரவில் பாட்டுக்குப் போட்டியாக வரும். பேட்டரி சார்ஜரில் ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள், கூடாது. அதன் கரண்ட் சுத்தமாக இருக்காது, ஹம் வரும், ஆம்பும் கெடும். வீட்டுக்கு என்றால் டிபிஏ3116 ஐசி போட்ட சின்ன கிளாஸ் டி போர்டு ஒன்றும் 24 வோல்ட் அடாப்டரும் போதும். அந்த எஸ்எம்பிஎஸ் வாங்குகிற காசுக்குள் முடிந்துவிடும், சூடும் இல்லை. ஏற்கெனவே வீட்டில் அப்படி ஒரு எஸ்எம்பிஎஸ் சும்மா கிடந்தால் மாமாவின் ஆம்பைத் தாராளமாக ஓட்டுங்கள். வீட்டு ஸ்பீக்கர் 8 ஓமாக இருக்கும், 40 வாட் என்பது 20 ஆகக் குறையும், ஒரு ஹாலுக்கு அது போதும்.

பல்புச் சோதனையில் பல்பு எரிந்துகொண்டே இருந்தால் ஆம்பின் அடிப்பக்கத்தைத் திறந்து, வளைய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தையும் அவுட்புட் பக்கத்தையும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மேலே சொன்ன எந்த ரகப் பழுது என்று பார்த்துச் சொல்கிறேன்.